ஐப்பசி, கார்த்திகையில் சேலத்தை விட்டு நகராமல் நட்சத்திரமும் காடும் படம் எடுக்க முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் வீடு. கையில் ஒரு பழைய கேனான் 1200டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், சுமாரான ஒரு ட்ரைபாட். லடாக், ஸ்பிதி என்று போக லீவும் இல்லை, வசதியும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் அக்டோபர், நவம்பரில் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டிலேயே எடுத்துப் போடும் படங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் நமக்கு அது மழைக்காலம். தை பிறக்கும்வரை கேமராவை மூடி வைத்துவிடலாமா, இல்லை நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு ஏற்காடு ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸைப் பற்றிக் கேட்டது போல இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான் என்று நினைக்கிறேன்: இருக்கிற ஊரில், இருக்கிற கருவியை வைத்து, இந்தப் பருவத்தில் ஏதாவது தேறுமா?

தேறும். நான் தொழிலால் கல்யாண ஃபோட்டோகிராபர். புரட்டாசியில் ஆர்டர் இல்லாமல் ஸ்டுடியோ காற்றாடும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கம் போக ஆரம்பித்தது, பல வருடப் பழக்கமாகி ஐப்பசி, கார்த்திகைக்கும் நீண்டுவிட்டது. டெலஸ்கோப் வைத்து, வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் மவுன்ட் போட்டு எடுக்கும் படங்கள் என் துறை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கேமரா, ட்ரைபாட், ஒரு லென்ஸ், இவ்வளவோடு செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். இந்த இரண்டு மாதமும் இடத்தைவிட நேரம்தான் முக்கியம். வானம் எப்போது திறக்கும் என்று யாரும் ஒரு வாரம் முன்பே சொல்ல முடியாது. திறந்தால் சில மணி நேரம்தான். பெங்களூரிலிருந்து சனிக்கிழமைக்கு ரூம் போட்டு வருகிறவருக்கு அது அமைந்தால் அதிர்ஷ்டம். உங்களுக்கு அப்படி இல்லை. இரவு பத்து மணிக்கு மாடியில் எட்டிப் பார்த்து, வெளுத்திருந்தால் வண்டியை எடுக்கலாம்.

'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பது நமக்கும் பொருந்தும்தான், ஆனால் கடலோரத்தைப் போல நாள்கணக்கில் வானம் மூடிக்கிடப்பது சேலத்தில் குறைவு. புயல், காற்றழுத்தத் தாழ்வு வந்தால் மூடும். மற்றபடி, குறிப்பாக ஐப்பசியில், நமக்கு வருவது பெரும்பாலும் மாலை இடிமழை. பகல் வெயிலில் சூடேறிய தரைதான் அந்த மேகத்துக்குத் தீனி. சூரியன் இறங்கியதும் தீனி நின்றுபோகிறது. மழை ஓய்ந்த பிறகும் மேலே மெல்லிய மேகப்படலம் ஒன்றிரண்டு மணி நேரம் தங்கும். அது கலைந்ததும் வானம் கழுவி விட்டது போல இருக்கும், உண்மையில் கழுவித்தான் விட்டிருக்கிறது. காற்றிலுள்ள தூசும் புகையும் மழையோடு இறங்கிவிடுகின்றன. நகரத்து விளக்கொளி வானத்தில் மஞ்சளாகப் பரவுவதற்கு அந்தத் தூசுதான் பாதிக் காரணம் என்பதால், மழைக்குப் பிந்திய இரவில் சேலத்து வானமே கொஞ்சம் கறுத்துத் தெரியும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மேல் ஈரத்தரை குளிர்ந்து பனிமூட்டம் எழும். ஆக, நள்ளிரவை ஒட்டிய அந்தச் சில மணி நேரம்தான் நம் கணக்கு. பங்குனி, சித்திரையில் மேகம் இருக்காதுதான், ஆனால் புழுதி மண்டிய அந்த வானத்தில் இந்தத் தெளிவு வராது.

அடுத்தது ஏற்காடு. மேலே போனால் இருட்டு, இருட்டு என்றால் நட்சத்திரம் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். கோடையில் அது சரி. மழைக்காலத்தில் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊரையே மேகத்துக்குள் வைத்துவிடும். கீழே சேலத்தில் நட்சத்திரம் மின்னும்போது மேலே பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாமல் போகும் இரவுகள் உண்டு. அதனால் இந்த மாதங்களில் நட்சத்திரத்துக்காக மட்டும் மலையேறச் சொல்ல மாட்டேன். பனிமூட்டத்துக்காகப் போங்கள், அதைப் பிறகு சொல்கிறேன். வானத்துக்கு அடிவாரமும் சமவெளியும்தான் நம்பகம்.

கிளம்புவதற்கு முன் வானிலைத் துறையின் இணையதளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை புதிதாக வரும், காசு இல்லை. இரவில் அகச்சிவப்புப் படம்தான் பயன்படும். மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது, பின்னால் இடைவெளி இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தரையை ஒட்டிய தாழ்வான மேகமும் மூடுபனியும் தரையின் வெப்பநிலையிலேயே இருப்பதால் அந்தப் படத்தில் சரியாக விழாது. செல்போன் செயலிகள் ஏற்காட்டுக்குத் தரும் மேக சதவீதத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. அவை பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மதிப்பு என்று கணக்குப் போடுகின்றன. ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் மூட்டமுமாக இருக்கும் மலைக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

மேகம் சந்தேகம், நட்சத்திரம் நிச்சயம். எது எத்தனை மணிக்கு எந்தத் திசையில் இருக்கும் என்பது நிமிடக் கணக்கில் தெரிந்த விஷயம், அதை ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலி காட்டிவிடும். எல்லோரும் ஆசைப்படும் பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி, தனுசு ராசிப் பக்கம், அக்டோபர் நடுவில் ஏழேகால் மணிக்கு நன்றாக இருட்டியவுடன் தென்மேற்கில் 30 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும், பத்து மணியளவில் மறைந்துவிடும். நவம்பர் நடுவில் இருட்டும்போதே அடிவானத்துக்கு மிக அருகில் போய்விடும். அதாவது ஐப்பசி முதல் பாதியோடு அதற்கு இந்த வருடக் கணக்கு முடிந்தது. இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று தென்மேற்கே பார்த்தால் நேர் கீழே சேலம். பால்வீதி இறங்கும் பக்கமும் ஏறக்குறைய அதேதான். எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் நகரத்தின் ஒளிக்குடைக்கு மேல் வெளிறித்தான் தெரியும்.

அதனால் நகரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பாருங்கள். தென்மேற்கு வேண்டுமென்றால் சேலத்துக்கு மேற்கே போக வேண்டும். ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், எடப்பாடி தாண்டிப் பூலாம்பட்டி காவிரிக்கரை எனக்குப் பிடித்த இடம். மேற்கே பார்த்த கரை, முன்னால் அகலமான தண்ணீர். மேட்டூரில் உபரிநீர் திறந்திருக்கும் நாட்களில் மட்டும் படித்துறையில் இறங்காதீர்கள், மேலே நின்றே எடுங்கள். கிழக்கு வேண்டுமென்றால் குப்பனூர், வாழப்பாடிப் பக்கம் போதும், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். இந்தப் பருவத்தில் நான் கிழக்கைத்தான் முதலில் சொல்வேன். கார்த்திகைக் கூட்டம், அதன் பின்னால் ரோகிணி, அதன் பின்னால் திருவாதிரை இருக்கும் ஒரியன் நட்சத்திரக் கூட்டம் என்று வரிசையாக ஏறி வரும். ஐப்பசியில் இதற்கு நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும், கார்த்திகை முடிவில் எட்டு மணிக்கே கிடைக்கும். தெற்கே அகத்தியர் நட்சத்திரமும் சேலத்திலிருந்து நன்றாகவே தெரியும். உச்சியில் ஏறக்குறைய 25 டிகிரி உயரம் வரும். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது. அவர்கள் படத்தைப் பார்த்து நாம் ஏங்குகிறோம், பதிலுக்கு அவர்களும் கொஞ்சம் ஏங்கட்டும்.

உங்கள் கேமராவுக்கு இப்படி ஆரம்பியுங்கள்: 18 மி.மீ., எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 15 விநாடி, ரா ஃபைல் (ஜேபெக்காகச் சுருக்காத மூலப்படம்). 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தாலும் (இங்கே 18), உங்கள் கேமராவின் சிறிய சென்சாருக்கான 1.6-ஆலும் வகுத்தால் 17 விநாடி வரும். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் சிறு கோடாக இழுபடும். ஒரியன் வான நடுக்கோட்டில் இருப்பதால் அதற்கு இந்த இழுப்பு அதிகம், 10 விநாடிக்குக் குறைப்பது நல்லது. ஃபோகஸைக் கையால்தான் வைக்க வேண்டும். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு லென்ஸில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், வளையம் நகரக் கூடாது. ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி ஒரே படத்தில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்ப்பதைவிட, அசையாமல் 16 படம் தொடர்ந்து எடுத்து சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்குங்கள். 16 படத்தின் சராசரியில் புள்ளி இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். பழைய கேமராவுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியை இதுவே சமன் செய்துவிடும்.

வெளியே போக முடியாத இரவில் மொட்டை மாடியே போதும். துருவ நட்சத்திரம் நம் ஊரில் வடக்கே ஏறக்குறைய 12 டிகிரி உயரத்தில், நீட்டிய கையில் மூடிய முஷ்டி அளவுக்குச் சற்று மேலே நிற்கும். சேர்வராயன் மலையும் நமக்கு வடக்கும் வடகிழக்குமாகத்தான் இருக்கிறது. மலை முகட்டுக்கு மேல் நட்சத்திரங்கள் அரைவட்டமாகச் சுழலும் படம் சேலத்துக்காரருக்கு மாடியிலேயே அமையும். லடாக்கில் இந்தத் துருவம் மூன்று மடங்கு உயரத்தில் இருக்கும், மலையோடு சேர்த்துப் பிடிக்க மிக அகலமான லென்ஸ் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5, 20 விநாடி என்று வைத்து ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் எடுத்துத் தள்ளுங்கள். ஷட்டரைப் பூட்டி வைக்கும் வயர் ரிமோட் மலிவாகவே கிடைக்கும். கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பு என்று ஒன்று இருக்கும், அதை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் கேமரா சும்மா இருக்கும், கோடு அறுந்து அறுந்து விழும். ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் போட்டு எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்தால் முடிந்தது. நகரத்து வெளிச்சம் இதற்குப் பெரிய தடை இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு படமும் தனித்தனியாக இருட்டாகத்தான் இருக்கும்.

நிலாவைக் கவனிக்காமல் எந்த நாளையும் குறிக்காதீர்கள். முன்னிரவுக்குப் பௌர்ணமி கழிந்து நாலைந்து நாளிலிருந்து, அமாவாசை தாண்டி மூன்றாம் நாள் வரை நல்ல காலம். இதில் ஒரு வேடிக்கை. ஐப்பசியின் மிக இருட்டான இரவு தீபாவளியை ஒட்டி வருகிறது, அன்றைக்கு ஊர் முழுக்கப் புகை. அந்த ஒரு இரவு மட்டும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு லேடீஸ் சீட்டுக்குப் போங்கள், மேகம் வழிவிட்டால் சேலம் முழுவதும் வாணம் வெடிப்பதை மேலிருந்து எடுக்கலாம். அந்த நேரத்தில் அந்த இடம் திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபத்தன்று நேர்மாறு: முழுநிலா கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டியே நிற்கும், ஆனால் அதன் வெளிச்சத்தில் கூட்டம் மங்கிப்போகும். அகல் விளக்கு வரிசையும் நிலாவும் ஒரே படத்தில் வேண்டுமென்றால், இருட்டிய பிறகு முயன்று பயனில்லை. நிலா வெறும் வெள்ளை வட்டமாகிவிடும். சூரியன் மறைந்த பத்து, இருபது நிமிடத்துக்குள் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போது எடுங்கள். தீபத்துக்கு முதல் நாள் நிலா முக்கால் மணி நேரம் போல முன்னதாகவே ஏறியிருக்கும் என்பதால் அன்று இன்னும் எளிது, வீட்டில் விளக்கை ஒருநாள் முன்பே ஏற்றச் சம்மதித்தால்.

எரிகற்களைப் பற்றிச் செய்திகளில் வருவதை அப்படியே நம்பி உட்காராதீர்கள். அக்டோபர் 21, 22 வாக்கில் வரும் ஒரியானிட்ஸ், ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசு. மிக இருட்டான இடத்திலேயே மணிக்கு 20 என்பதுதான் கணக்கு, சேலம் அருகே அதில் சிறு பங்கே தெரியும். டிசம்பர் 13, 14-இல் வரும் ஜெமினிட்ஸ்தான் காத்திருக்கத் தகுந்தது. எண்ணிக்கையும் அதிகம், இரவு ஒன்பது, பத்து மணிக்கே ஆரம்பித்துவிடும். படத்தில் எத்தனை விழும் என்று மட்டும் யாராலும் உறுதி தர முடியாது.

சரி, பகல். இலை சிவந்து உதிரும் காடு நமக்கு இல்லை. ஆனால் ஏற்காட்டில் நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரே கொத்தில் நிறம் மாறும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நடுவில் மூட்டம். மேலே சொன்ன பனிமூட்டத்தின் பயன் இங்கேதான். நிழலே விழாத அந்த வெளிச்சம் காட்டுக்குள் எடுக்க மிகவும் ஏற்றது. கேமராவின் மீட்டர் மூட்டத்தைப் பார்த்து ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி வையுங்கள். எஸ்டேட்டுகள் தனியார் இடம், கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இந்த மாதங்களில் நம் பக்கத்தில் நடக்கும் இன்னொரு விஷயம் பட்டாம்பூச்சிகளின் இடப்பெயர்ச்சி. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து நீல வரியன் வகையும் கறுப்பன் வகையும் கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகும், பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை வலுப்பதை ஒட்டி. ஒரு வருடம் ஆயிரக்கணக்கில் வரும், மறுவருடம் ஏமாற்றும். துரத்த வேண்டாம். கிலுகிலுப்பைச் செடி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே உட்காருங்கள். அந்தச் செடியில் உள்ள ஒரு வேதிப்பொருளுக்காக ஆண் பூச்சிகள் தேடி வந்து அப்பிக்கொள்ளும், 55 மி.மீ. லென்ஸிலேயே நிறைவான படம் கிடைக்கும். காலை ஒன்பது மணிக்கு முன் இறக்கை சூடேறாமல் மந்தமாக இருக்கும் நேரம் இன்னும் வசதி. பறவைக்கு உங்கள் லென்ஸ் எட்டாது, அதை ஒத்துக்கொண்டு பறவையைச் சிறிதாகவும் இடத்தைப் பெரிதாகவும் எடுங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் தூர்வாரிய மண்ணைத் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டிருக்கிறார்கள். விடியலில் அந்தத் திட்டுகளும் கொக்கு, நாரைகளும் பின்னால் மலையுமாக அமையும். அக்டோபரிலிருந்து வடக்கேயிருந்து வரும் வாலாட்டிகளும், காலையும் மாலையும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவியும் அடிவாரத் தோப்புகளில் இருக்கும்.

ஈரம்தான் இந்தப் பருவத்தின் உண்மையான எதிரி. திறந்த வானத்துக்குக் கீழே லென்ஸின் முன்கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அரை மணியில் பனி படரும். பவர் பேங்க்கில் ஓடும் சிறு சூடேற்றுப் பட்டை ஒன்றை லென்ஸில் சுற்றுவது நல்ல வழி. அது இல்லையென்றால் லென்ஸ் ஹூடும், அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கமும். ஏ.சி. போட்ட காரிலிருந்து இறங்கியதும் கேமராவைப் பையிலேயே இருபது நிமிடம் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவுக்குப் பழைய கிட் லென்ஸ் இன்னொன்றே வாங்கிவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் இரவில் போக அனுமதி இல்லை, போகவும் கூடாது. சேர்வராயனில் காட்டெருமைகள் எஸ்டேட் ஓரம்வரை வரும், மூட்டத்தில் பத்தடிக்கு வரும்வரை தெரியாது. வயல் வரப்பில் நிற்பதானால் ஷூவும் டார்ச்சும் கட்டாயம், துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். தொடர்மழை நாட்களில் மலைப்பாதையைத் தவிருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

கடைசியாக, லென்ஸ். இப்போதைக்கு வாங்காதீர்கள். முதல் செலவு ட்ரைபாடுக்கு ஆகட்டும், சுமாரானது என்று நீங்களே சொல்கிறீர்கள். அடுத்தது 58 மி.மீ. போலரைசர் ஃபில்டர், ஈர இலையின் பளபளப்பை வெட்டி உள்ளிருக்கும் பச்சையைக் காட்டும். அதன் பிறகும் கை அரித்தால் 50 மி.மீ. எஃப் 1.8. உங்கள் லென்ஸின் 55 முனை எஃப் 5.6, அதோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். நவம்பரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வடக்கே உயரத்தில் நிற்கும், நம் பால்வீதி போன்ற இன்னொரு கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவை, 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து, வாழப்பாடி வயல் ஓரத்திலேயே நீள்வட்டப் புகையாகப் பிடித்துவிடலாம். உங்கள் மாடியில் எந்தத் திசை மறைப்பில்லாமல் இருக்கிறது, பக்கத்தில் தெருவிளக்கு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வடக்கு திறந்திருந்தால் அடுத்த அமாவாசைக்கு முன்பே நட்சத்திரச் சுழல் படத்தை ஆரம்பித்துவிடலாம், கிழக்கு என்றால் ஒரியனுக்கு ஏற்ற மாதிரி வேறு அளவுகள் சொல்கிறேன்.